கலைப்பீடத்து வாசலில் சினிமா

இம்முறை வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போயிருந்தேன். ஊரை விட்டுத் தொழிலுக்காகக் கொழும்புக்குப் பெயர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டாலும், பொங்கல் நாளில் நந்திக்கடலோரத்து அம்மன் வாசலில் நிற்காவிட்டால் அந்த ஆண்டு எனக்கு முழுமையடைவதில்லை. போர்க்காலத்தில் நிற்க முடியாமற்போன ஆண்டுகள் பல. அவற்றை இப்போது எண்ணுவதில் பயனில்லை.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மதுரையை எரித்த கண்ணகி தென்திசையாக வந்து ஈழத்தில் இடம் இடமாகத் தங்கினாள் என்பதும், பத்தாவதாகத் தங்கிய பளையே 'பத்தாப்பளை'யாகிப் பின்னர் வற்றாப்பளையானது என்பதும் எங்கள் ஊர்க் கதை. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து சென்று, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். ஒரு வாரத்தின் பின் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறும். இலட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். அந்தப் பகுதியெங்கும் கோவலன் கூத்து ஆடிய தலைமுறைகள் இருந்தன. நான் சிறுவனாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பாதி தூக்கத்தில் பாண்டியன் சபையைப் பார்த்தவன்.

நிற்க. இம்முறை எனக்குக் காத்திருந்தது கூத்து அல்ல, வழக்கு. தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். பாடங்களில் ஒன்று 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்'. எங்கள் காலத்தில் கேள்விப்படாத பாடம். பொங்கல் முடிந்த இரவு, வீட்டு முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நான் கம்பஸில ஊடகம்தான் படிக்கப்போறன். படம் எடுக்கிறதையும் படிக்கவேணும். அப்பா நீங்கள் சொன்னால்தான் கேப்பார்."

மச்சான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ரீச்சர் வேலையெண்டால் ஒரு மரியாதை, பிறகு பென்சன். படம் எடுக்கிறதுக்கு ஏன் மச்சான் யூனிவேசிற்றி? பேப்பரில நீ பட்டது காணாதே? பிள்ளையையும் அதுக்குள்ள விடப்போறியோ?"

அன்றிரவு நான் பதில் சொல்லவில்லை. மச்சான் கேட்டவை இரண்டு கேள்விகள். சினிமாவையும் ஊடகத்தையும் கலைப்பீடத்தில் வைத்துப் படிக்கத்தான் வேண்டுமா என்பது ஒன்று. இந்த மண்ணில் அதைப் படித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மற்றது. இரண்டுக்குமே வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

ஈழத்தில் தமிழ்ப் பத்திரிகை பிறந்ததே ஒரு கல்லூரியின் மடியில்தான் என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, அவர்களுடைய நாட்டுக் கலைக் கல்லூரிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. தானியேல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதமும் வானியலும் தத்துவமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. ஒரு தொழிலுக்கென்று ஆளைத் தயாரிப்பதன்று, பல துறைகளையும் தொட்டுச் சிந்திக்கப் பழக்குவதே அந்த முறையின் நோக்கம். (மதமாற்றமும் நோக்கம்தான். அதை மறைத்துச் சொல்வது வரலாறாகாது.) அங்கே படித்த இரு தமிழர்கள், ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும், 1841 சனவரியில் 'உதயதாரகை'யின் ஆசிரியர்களானார்கள். பெயர்களைப் பார்த்து வெள்ளையர் என எண்ணிவிட வேண்டாம். மிஷன் பள்ளியில் அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அவர்கள். தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்த அந்தப் பத்திரிகையில் செய்தியும் விஞ்ஞானமும் சமய விவாதமும் இடம்பெற்றன. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதன் பழைய மாணவர்களான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். ஏட்டுச்சுவடியிலிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் தாமோதரம்பிள்ளை ஒருவர். அச்சு என்னும் அன்றைய புதிய ஊடகத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற தெளிவு அவருக்கு அந்தப் பலதுறைக் கல்வியிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

அச்சுக்குக் கிடைத்த இந்த அதிர்ஷ்டம் சினிமாவுக்குக் கிடைக்கவில்லை. அது கல்லூரி வழியாக வரவில்லை. வியாபாரத்தின் வழியாக, கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளியானபோது அதன் தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படமாக்கப்பட்டது தென்னிந்தியாவில். தமிழ் இரசிகருக்கோ சென்னைப் படங்கள் நேரடியாகவே கிடைத்தன. அண்டை வீட்டில் நாள்தோறும் விருந்து நடக்கையில் நமது அடுப்பை மூட்டுவானேன் என்ற மனநிலை. இலங்கைத் தமிழரின் முதற்படமாகக் கொள்ளப்படும் 'சமுதாயம்' 1962இல்தான் வந்தது, அதுவும் 16 மி.மீ. அளவில். அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி'. பின்னர் 'கடமையின் எல்லை', 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று' என்று ஒரு வரிசை. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் இவற்றைப் பொறுமையாகத் தொகுத்திருக்கிறார். அந்தப் படங்களை எடுத்தவர்களின் துணிவுக்குத் தலைவணங்குகிறேன்; கைக்காசைப் போட்டு, பெரும்பாலும் இழந்தவர்கள். ஆனால் அவர்களுள் பலருக்குச் சினிமாவைக் கற்கும் வாய்ப்பு இருக்கவில்லை. சென்னைப் படத்தைப் பார்த்துச் சென்னைப் படம் எடுக்க முயன்றார்கள். குரலும் உடையும் சண்டையும் அங்கிருந்தே வந்தன.

இங்கே 1956ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டென்றே அது நம் நினைவில் தங்கியிருக்கிறது. அதே ஆண்டில்தான் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சரச்சந்திர பல்கலைக்கழகத்து மனிதர். கிராமத்து நாடகத்தைப் பட்டதாரி மேடைக்குக் கொண்டுவந்தார். பீரிஸ் பத்திரிகையாளராக இருந்து, அரசாங்கத் திரைப்படப் பிரிவில் தொழில் பழகி, அதிலிருந்து வெளியேறிப் படம் எடுத்தவர். எங்கள் தொழிலிலிருந்து ஒருவர் உருப்பட்டதற்குச் சான்றாக அவரை நான் அடிக்கடி காட்டுவதுண்டு.

சரச்சந்திர காட்டிய வழி தமிழருக்கும் பயன்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகிய கூத்துக்களை 1960களில் மேடையேற்றினார். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியரானார். கூத்து அவ்வாறு பல்கலைக்கழகத்துக்குள் கௌரவமாக நுழைந்தது. பின்னர் யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாயிற்று. பல்கலைக்கழக மாணவர் ஆடிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊரூராகச் சென்று மக்களைக் கண்ணீர் சிந்த வைத்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள்.

எங்கள் கோவலனும் கண்ணகியும் அதே கூத்தின் பிள்ளைகள்தான். ஆகவே கூத்து கலைப்பீடத்துக்குள் போனது எனக்குப் பெருமை. ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நூறு பேர் பார்க்கும் கூத்துக்குப் பேராசிரியர்கள் கிடைத்தார்கள். ஊரே பார்க்கும் சினிமாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? காரணம் எளிது. கூத்து பழையது, நமது சொந்தம், அழியும் தறுவாயில் இருந்தது, பாதுகாப்பது கடமை. சினிமா புதியது, அயலானுடையது, பணம் சம்பாதிப்பது; அதைப் பார்ப்பதே படித்தவனுக்கு இழுக்கு. இந்த மனோபாவம் எளிதில் மாறவில்லை. சிலர் மட்டும் அதை மீறினார்கள்.

அவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலாவில் சென்றபோது, டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் "மழை" என்று கத்தியதும் மழை பெய்தது என்பதை அவர் பிற்காலத்தில் பலமுறை வியப்போடு கூறியிருக்கிறார். பின்னர் இந்தியாவின் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 1969இல் தங்கப் பதக்கம் பெற்றார். பழைய பிரபாத் ஸ்ரூடியோ வளவில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய கல்லூரி அது. உலகப் படங்களைப் போட்டுக் காட்டி, வெட்டிப் பிரித்து ஆராயக் கற்பித்த இடம். 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய படங்களின் நிதானம் அந்தப் பயிற்சியின் விளைவு என்பது என் கருத்து. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் சென்னையில் 'சினிமா பட்டறை' என்ற பெயரில் தாமே ஒரு பள்ளி நடத்தினார். 2014இல் மறைந்தார். இலங்கையில் பிறந்தவர் இந்தியாவில் படித்தார், இந்தியாவிலேயே கற்பித்தார். அவருக்கு இங்கே ஒரு வகுப்பறையும் நாம் கொடுக்கவில்லை.

இரண்டாமவர் தமிழரல்லர். 1974இல் திருநெல்வேலியில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். முன்னர் 'தினகரன்' ஆசிரியராக இருந்தவர் என்பதால், அவரும் எங்கள் தொழிற்காரர்தான். அந்த வளாகத்துக்கு விரிவுரையாளராக வந்தவர்களுள் ஒருவர் தர்மசேன பத்திராஜ. பேராதனையில் சிங்களமும் மேலைத்தேயச் செவ்விலக்கியமும் படித்த பட்டதாரி. 'அஹஸ் கவ்வ' என்ற படத்தின் மூலம் சிங்களச் சினிமாவில் புதிய தலைமுறையின் குரலாக அறியப்பட்டவர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் தமிழிலேயே ஒரு படம் எடுத்தார். அதுதான் 1977இல் வந்த 'பொன்மணி'. சாதியும் சீதனமும் ஒரு வீட்டின் பெண்களை என்ன செய்கின்றன என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்து நாடகக்காரர்களும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்களும் அதில் நடித்தார்கள். சண்டையில்லை, கனவுப் பாட்டில்லை. யாழ்ப்பாணத்து முற்றமும் வேலியும் கிணற்றடியும் அவற்றுக்கேயுரிய வெயிலோடு இருந்தன. படம் வணிகத்தில் தோற்றது. சென்னைப் படத்துக்குப் பழகிய கண்களுக்கு அது படமாகவே தோன்றவில்லை.

அந்தத் தோல்வியைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். நல்ல படம் எடுக்க ஒருவர் படித்திருந்தால் போதாது. அதைப் பார்ப்பவருக்கும் பயிற்சி வேண்டும். வாசகர் இல்லாமல் நாவல் வளராதது போலத்தான் இதுவும். அ. யேசுராசா போன்றோர் 'அலை' சஞ்சிகைக் காலத்திலிருந்தே நல்ல சினிமாவைப் பற்றி எழுதிப் பார்த்தார்கள். ஆனால் சிற்றிதழ் எத்தனை பேரைச் சென்றடையும்? அந்தக் கடமை கல்வி நிறுவனங்களுடையது. பத்திராஜ யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஒரு சினிமாத் துறை உருவாகியிருந்தால், 'பொன்மணி' முதற்படமாகியிருக்கும். இன்று அது தனிப்படமாக நிற்கிறது. அவர் 2018இல் காலமானார்.

மூன்றாமவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. சினிமாவை அவர் ஆய்வுப்பொருளாக ஏற்றார். தமிழ்த் திரைப்படம் எவ்வாறு அரசியல் தொடர்பாடற் சாதனமாயிற்று என்று ஆங்கிலத்தில் அவர் எழுதிய சிறுநூல் 1981இல் வெளிவந்தது. தமிழகத்தில் தியடோர் பாஸ்கரனின் ஆய்வு நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். கோயிலுக்குள்ளும் சபைக்குள்ளும் எல்லோரும் சமமாக அமர முடியாத தமிழ்ச் சமூகத்தில், கூரையொன்றின் கீழ் எல்லாச் சாதியினரையும் முதன்முதலில் அமர வைத்த இடம் சினிமாக் கொட்டகை என்பது அவர் வலியுறுத்திய கருத்து. எளிய உண்மை. ஆனால் அதுவரை எத்தனை படித்தவர்கள் அதைக் கவனித்தார்கள்? அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு எரிக்கப்பட்டது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. நூலும் படச்சுருளும் தீக்கு ஒன்றுதான்.

என் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1990களின் தொடக்கத்தில். வன்னியிலிருந்து பூநகரிக்குச் சென்று, இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து போவோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். நான் எடுத்தவை தமிழும் வரலாறும். சினிமா பற்றிய சிவத்தம்பியின் கட்டுரைகளை நான் வாசித்தது அந்த விளக்கொளியில்தான். அவர் குறிப்பிடும் படங்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்திருக்கவில்லை, பார்க்கவும் வழியில்லை. சமையலறையே இல்லாத வீட்டில் சமையற் புத்தகம் வாசித்த கதை. அதற்கு முன், சிறுவயதில், முள்ளியவளையில் ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் வைத்து, டெக்கில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். சினிமா பற்றிய என் முறைசார்ந்த கல்வி அவ்வளவே.

இதன் விளைவை நான் தொழிலில் அனுபவித்தேன். கொழும்பில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது, வன்னி இடப்பெயர்வு பற்றிய செய்திக்கு ஒரு படம் தேவைப்பட்டது. கைக்கு வந்த ஒன்றைப் போட்டு, இடத்தின் பெயரையும் நானே எழுதினேன். மறுநாள் ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்தப் படத்தில பின்னால தெரியிறது எங்கட ஊர்க் குளக்கட்டு. நீங்கள் எழுதின இடத்தில குளமே இல்லை" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. ஒரு வாக்கியத்தில் எழுவாய் பயனிலை பார்க்க எனக்கு ஆசிரியர்கள் கற்றுத்தந்திருந்தார்கள். ஒரு படத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது, அதற்குள் எது சான்று, எது அலங்காரம், எது வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்க நான் பழகியிருக்கவில்லை.

வன்னியில் அதே காலத்தில் வேறொரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' நிறுவனம் 1980களிலேயே யாழ்ப்பாணத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 'ஒளிவீச்சு' வீடியோச் சஞ்சிகை, குறும்படங்கள், முழுநீளப் படங்கள் என்று விரிந்தது. 2005இல் செய்மதித் தொலைக்காட்சியும் வந்தது. 'ஆணிவேர்' 2006இல் வன்னியில் படமாக்கப்பட்டது. இயக்குநர் மகேந்திரனின் மகன் ஜோன் அதை நெறியாள்கை செய்தார். கெமராவைத் தோளில் வைத்துப் போர்முனைக்குப் போன இளைஞர்களும் யுவதிகளும் கற்றது களத்தில். தொழில்நுட்பத்தில் அவர்கள் அடைந்த தேர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் இயக்கத்தின் ஊடகம் அந்த இயக்கத்தைக் கேள்வி கேட்கக் கற்பிக்காது. எந்த நாட்டிலும் எந்த இராணுவத்திலும் அப்படித்தான். கலைப்பீடம் ஒன்றின் தேவை இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது. படம் எடுக்கப் பழக்கும் இடமும், "இதை யார், யாருக்காக, எதை மறைத்து எடுத்தார்கள்?" என்று கேட்கப் பழக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் நல்லது.

2008 செப்ரெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் உத்தரவிட்டது. சுயாதீனப் பத்திரிகையாளர் எவரும் போர்ப் பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த எட்டு மாதங்களில் என் ஊரும் அதைச் சுற்றிய கரைகளும் என்னவாயின என்பதை உலகம் பார்த்தது, உள்ளேயிருந்தவர்கள் எடுத்த படங்களாலும் வெற்றி பெற்ற படையினர் தமது கைத்தொலைபேசிகளில் எடுத்த படங்களாலும்தான். 2011இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி அவற்றை ஆவணப்படமாகத் தொகுத்தபோது, அரசாங்கம் அவை போலியென்றது. நிபுணர்கள் சட்டம் சட்டமாக ஆராய்ந்து உண்மையென்றார்கள். 2009 மே மாதத்தில் நான் கொழும்பு அலுவலகத்தில் கணினித் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் நீர்ப்பரப்பு, சேற்றில் நடந்து வரும் சனம், தூரத்தில் பனைகள். நந்திக்கடலின் எந்தக் கரை அது? பனைகளின் நிரையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முயன்றேன். குளக்கட்டைச் சொன்ன முதியவர் அன்று என் நினைவுக்கு வந்தார். அந்தச் சனத்துக்குள் என் தங்கை இருக்கிறாளா என்றும் தேடினேன். அவள் இருந்தாள் என்பதை, அந்தப் படத்தில் அல்ல, அந்த நடையில், முகாமிலிருந்து செய்தி வந்த பிறகே அறிந்தேன். அன்று அவளுடைய இடுப்பில் இருந்த குழந்தைதான் இன்று படம் படிக்கப்போகிறேன் என்கிறாள்.

மச்சானின் இரண்டாவது கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபரில் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராகி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடந்தார். இவ்வரிசை நீளமானது. கொன்றவர்கள் பலவகை. தண்டிக்கப்பட்டோர் எங்கே என்று கேட்டால் பதிலில்லை. ஒரு தகப்பன் பயப்படுவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஆயினும் காட்சி மாறியிருக்கிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். 2004இல் கொழும்பில் இதழியற் கல்லூரி ஒன்று தொடங்கித் தமிழ்மூலமும் கற்பித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடக வளங்கள் பயிற்சி நிலையம் எழுந்தது. இன்று கலைப்பீடத்திலேயே ஊடகக் கற்கைகள் துறை உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்று வருகிறது. பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் சிவமோகன் சுமதி மலையக மக்களைப் பற்றி 'இங்கிருந்து' என்ற படத்தை 2013இல் எடுத்தார். இலக்கியம் கற்பிப்பவர் கெமராவுக்குப் பின்னால் நிற்பதில் முரண்பாடு எதுவுமில்லை என்பதற்கு அவரே சான்று. ம. தி. சுதா கைத்தொலைபேசியைக் கொண்டே போரின் கடைசிக் காலத்தை முழுநீளப் படமாக எடுத்திருக்கிறார். தமிழகத்திலோ காட்சித் தொடர்பியல் இப்போது கலைக் கல்லூரிகளில் சாதாரணப் பாடம். சென்னை லயோலாக் கல்லூரி அதில் முன்னோடி. அங்கே ஆங்கில இலக்கியம் படிக்கப் போன வெற்றிமாறன் பாலு மகேந்திராவின் மாணவராகிப் படிப்பை இடையில் விட்டது தனிக்கதை. அதை மச்சானிடம் நான் சொல்லவில்லை.

ஒரு குறையையும் இங்கே பதிய வேண்டும். பல இடங்களில் ஊடகக் கல்வி என்பது மென்பொருள் பழக்குவதாகச் சுருங்கிவிட்டது. மென்பொருள் ஐந்தாண்டில் பழசாகிவிடும். வட்டுக்கோட்டையில் அச்சுக்கோக்க மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் தாமோதரம்பிள்ளை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

மறுநாட் காலை பேருந்துக்குப் புறப்படுமுன், மருமகள் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். பொங்கலை எடுத்திருந்தாள். எல்லோரும் உப்புநீர் விளக்கையே எடுப்பார்கள். இவள் விளக்குக்கு முதுகு காட்டி நின்று, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் முகங்களை எடுத்திருந்தாள். நான்கு நிமிடம். ஒரு முகத்தில் மட்டும் நீண்ட நேரம் நின்றிருந்தது. அது என் தங்கை. அழுதுகொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. உதடு மட்டும் அசைந்தது.

"எது கூடிப்போச்சு மாமா? எதை வெட்டவேணும்?" என்று கேட்டாள்.

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்க, மச்சான் எட்டிப் பார்த்தார். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசாமல் நின்று, என் பையைத் தூக்கிக்கொண்டு படலையடிக்கு வந்தார்.

"தமிழும் வரலாறும் சேர்த்துப் படிக்கச் சொல்லு" என்றேன்.

"படிக்கட்டும். ஆனா, பேப்பருக்குப் போகக்கூடாது, அதைச் சொல்லிப்போட்டன்" என்றார் மச்சான்.

பின்னால் வந்த பிள்ளை சிரித்தாள். "நான் படிச்சு முடிக்கேக்க பேப்பர் எண்டு ஒண்டு இருக்குமோ அப்பா?"